அப்பாவின் நான்கு பதில்கள்

1

அடிலெய்டில் இப்போது குளிர்காலம். குளிர்காலம் என்றதும் ஊரில் எல்லோரும் வெள்ளை வெளேரென்று பனியை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பனி விழாது. மழையும் ஊதல் காற்றும்தான். காலையில் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பினால், வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் இறக்கி, திரும்பக் கூட்டிவந்து வீட்டில் விடுவதுதான் என் பிழைப்பு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு கார் ஓட்டுகிறானா என்று அவனியாபுரத்தில் என் சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மெக்கானிக்கல் படித்தவன் கார் ஓட்டாமல் கப்பலா ஓட்டுவான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் வண்டியில் வருபவர்களில் பாதிப்பேர் பழைய பட்டாளத்துக்காரர்கள். அவர்களிடம் அரசாங்கம் கொடுத்த அட்டை ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் வைத்தியம் உண்டு, மாத்திரை உண்டு, காது மிஷின் உண்டு, அந்த மிஷினுக்குப் பேட்டரி தபாலில் வரும், ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்னைப்போல ஒருவன் காரோடு வருவான். வந்த புதிதில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்பாவும் பட்டாளத்துக்காரர்தானே என்று தோன்றும். பிறகு பழகிவிட்டது. அட்டை இருந்தாலும் வாசலில் தனியாக உட்கார்ந்து என் காருக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அதில் ஒருவர் டக்ளஸ். பீரங்கிப் படையில் இருந்தவர். அப்பாவும் பீரங்கிப் படை என்று ஒருநாள் சொன்னதிலிருந்து முன் ஸீட்டில்தான் உட்காருவார். நான் அவரிடம் எப்போதும் மூன்று கேள்விகள் கேட்பேன். ராத்திரி தூங்கினீர்களா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நாய் எப்படி இருக்கிறது. அவரும் வரிசையாகப் பதில் சொல்லுவார். அதற்குள் பெரிய சாலை வந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, அவருடைய நாய் கேட்டுக்கு வெளியே வந்து என் மேல் தாவியது. அதனால் அன்றைக்கு நாயைப் பற்றி முதலில் கேட்டேன். "நன்றாகத் தூங்கினேன்" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். முட்டையும் ரொட்டியும் என்றார். திரும்பிப் பார்த்தேன். காது மிஷின்கள் இரண்டும் சட்டைப்பையில் கிடந்தன.

மிஷினைக் கையால் சுட்டிக்காட்டியதும் மாட்டிக்கொண்ட பையனைப்போலச் சிரித்தார். "நீ கேட்பது எப்போதும் அந்த மூன்றுதானே. அதற்கு எதற்குக் காது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

2

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம், மதுரையில் உச்சிப்பொழுது. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்குப் போன் செய்வேன். அவருடையது பொத்தான் வைத்த பழைய போன். வீடியோவில் பேச அவருக்குப் பிடிக்காது, மூஞ்சியைப் பார்த்தால் பேச்சு வராது என்பார். அம்மா போனபிறகு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை மலர் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

நான் கேட்பது நான்கு கேள்விகள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு, மழை பெஞ்சுச்சா. அவர் சொல்லுவது நான்கு பதில்கள். சாப்பிட்டேன்யா. போட்டேன். இருக்கு, பரவால்ல. எங்க, மழயே இல்ல. அதற்குமேல் நான் எதைச் சொன்னாலும், ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லதுய்யா, ஒடம்பப் பாத்துக்க" என்பார். பட்டாளத்துக்காரர், அளந்துதான் பேசுவார் என்று நான் இங்கே நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடமாகத் தாத்தாவிடம் பேச வருவதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொள்ளுவாள். நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்ததைத் தனக்குத் தெரிந்த தமிழில் கஷ்டப்பட்டுக் கோத்துச் சொன்னாளாம். தாத்தா "நல்லாப் படிக்கணும்" என்றாராம். அவர் நான் சொல்லுவதைக் காதிலேயே வாங்குவதில்லை, அப்புறம் எதற்குப் பேசவேண்டும் என்று கேட்டாள். பெரியவர்களை அப்படிச் சொல்லக்கூடாது என்று நான் ஒரு மணிநேரம் பாடம் எடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்குமேல்தான் மதுரைக்கு வரும் விமானங்கள் தாழ இறங்கும். அம்மா இருந்தவரைக்கும், போனில் பேசும்போது விமானம் வந்தால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். "இருய்யா, ப்ளைட்டு போகட்டும்" என்பார். அது போகும்வரை இரண்டுபேரும் சும்மா இருப்போம். சர்வதேச அழைப்புக்குக் காசு எரிந்த காலத்திலும் அப்படித்தான். கொஞ்ச வருடங்களாக அவர் நிறுத்துவதில்லை. விமானச் சத்தத்துக்குள்ளேயே முட்டி வலியைச் சொல்லிக்கொண்டு போவார். பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டக்ளஸ் அப்படிப் பதில் சொன்ன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. போன் செய்து, முதல் கேள்வியாக மழை பெய்ததா என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்யா" என்றார் அப்பா.

3

இதில் என்னை உலுக்கியது எது என்று சொல்லவேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், இந்த நாட்டின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள நம் நாடு விடாது. இதை எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்து, இருபத்துச் சொச்சம் வருடம் எல்லையில் பீரங்கி தள்ளிய மனிதரிடம் இதை எப்படிச் சொல்லுவது? நான்கு கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் எடுக்கவேண்டியிருக்கிறது, பிள்ளையின் படிப்பு, வேலை, நிரந்தரம், எல்லாம். கடைசியில், நீங்கள் வேண்டாமென்றால் வேண்டாம் என்றேன்.

"நல்லதுய்யா, ஒடம்பப் பாத்துக்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். என் மனைவியிடம், எப்பேர்ப்பட்ட மனுஷன் பார் என்றேன். தன்னுடைய கொள்கையை மகனுக்காக விழுங்கிக்கொண்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வாழ்த்திவிட்டாரே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

குடியுரிமை கொடுக்கும் நாளன்று நகர மண்டபத்தில் மேயர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நம்முடைய இனிஷியல் இவர்களுக்குப் புரியாத சமாச்சாரம். என் பெயர் செல்வம், அப்பா பெயர் சோணமுத்து. இங்கே வந்த நாளிலிருந்து எல்லாக் காகிதத்திலும் நான் மிஸ்டர் சோணமுத்துதான். மேயர் திக்கித் திணறி "மிஸ்டர் சோணமுத்து" என்றார். அப்பாவைக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன். அப்பா பெயரிலேயே இந்த நாட்டுக்கான சத்தியத்தைச் செய்தேன். அவருடைய வாழ்த்து இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் என் குரல் நடுங்கவில்லை.

அந்த வாழ்த்தைத்தான் அவர் கொடுக்கவே இல்லை என்று இப்போது தெரிந்தது.

4

மலருக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். தினமும் மூன்று வேளை பார்க்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்றேன். அவள் பொறுமையாகத்தான் பேசினாள். டிவியை ஊருக்கே கேட்கிறமாதிரி வைப்பார், கூப்பிட்டால் திரும்பமாட்டார், வயசுக்கு இருக்கிறதுதானே என்று நினைத்தாளாம். நேரில் பேசும்போது வாயைப் பார்த்தே சமாளித்துவிடுகிறார்.

"ஒங்கிட்டதான் வாராவாரம் நல்லாப் பேசுறாரேண்ணே. போன்லயே கேக்குதுன்னா காது நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அவள் என்னை வைத்து ஏமாந்திருக்கிறாள், நான் அவளை வைத்து ஏமாந்திருக்கிறேன். குடியுரிமை விஷயத்தையும் அவள் அப்பாவிடம் பேசியதே இல்லை. அண்ணன் சொல்லிவிட்டது, அப்பாவும் சரியென்றுவிட்டார், நாம் எதற்குப் புண்ணைக் கிளறவேண்டும் என்று இருந்திருக்கிறாள்.

முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஊரிலும் மருத்துவமனை உண்டு, கார்டு உண்டு, காது மிஷினும் உண்டு. ஆனால் ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. ஒரு டாக்டர் பார்த்து இன்னொரு டாக்டருக்கு எழுதவேண்டும், அவர் காது பரிசோதனைக்கு எழுதவேண்டும், அதன் முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மிஷினுக்கு அனுமதி வரும். மலர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் அப்பாவை ஒவ்வொரு இடமாக அழைத்துப்போனாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, நரை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு விறைப்பாக வந்தாராம். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டால், "நோ கம்ப்ளெய்ண்ட், சார்" என்றாராம். மலர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பரிசோதனை அறை கண்ணாடி போட்ட சின்ன கூண்டு. அப்பா உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரவேண்டும். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். வெளியே ஒரு பெண் மிஷினில் சத்தம் வைப்பாள். முடிவு வந்தது. வயதுக்குரிய சிறு குறைதான், கருவி தேவையில்லை என்று. மிஷின் இல்லையென்று ஆனது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழையைக் கேட்டால் சாப்பாட்டைச் சொல்லுகிறவருக்குச் சிறு குறையா? மலர் அப்பாவை உட்காரவைத்து, முகத்துக்கு நேரே கத்தி விசாரித்தாள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தபோது அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "அண்ணே, இவரு பரீட்சையில காப்பியடிச்சுட்டு வந்திருக்காரு" என்றாள்.

கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் விரல் அசையும்போதெல்லாம் இவரும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கேட்டதற்கு, நாங்கள் எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கிறோம் என்று பெருமை வேறு.

பட்டாளத்தில் வருடா வருடம் காது சோதனை உண்டாம். டாக்டர் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று ரகசியக் குரலில் எண்களைச் சொல்லுவார், இவர் திருப்பிச் சொல்லவேண்டும். எதிரே வரிசையில் நிற்கும் சேக்காளி ஒருவன் டாக்டருக்குத் தெரியாமல் விரலால் எண்ணைக் காட்டிக்கொடுப்பான். அவன் முறை வரும்போது இவர் காட்டுவார். பீரங்கிப் படையில் பாதிப்பேருக்கு அப்படித்தான் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. காது போய்விட்டது என்று எழுதிவிட்டால் உடல்தகுதித் தரத்தை இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஹவில்தார் பதவி கனவிலும் கிடைக்காது.

எங்கள் குடும்பம் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கூலி வாங்கிய குடும்பம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பாவின் சம்பளத்தில்தான் அவனியாபுரத்தில் வீடு வந்தது, நாங்கள் இரண்டுபேரும் படித்தோம், என் பெயருக்குப் பின்னால் பி.இ. வந்தது, அந்த பி.இ.யைக் காட்டித்தான் எனக்கு இங்கே விசா வந்தது. எல்லாவற்றையும் அந்தக் காதில்தான் ஏற்றியிருக்கிறார். நான் அவரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, போனில் மட்டும் கிடைக்கும் பிள்ளையானபோது, அவருக்கு வேண்டியிருந்ததும் அந்தக் காதுதான்.

பணியால் வந்த குறை என்று எழுதிக் கேட்டால் ஏதாவது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன். காது நன்றாக இருக்கிறது என்றே பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த விடுவிப்புக் காகிதத்தில் இருக்கிறதாம். "பொய் சொன்னது நானு, கவுர்மெண்ட்டு என்ன செய்யும்?" என்றுவிட்டாராம் அப்பா.

மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு டாக்டராகப் போனார்கள். இந்தமுறை மலர் முன்கூட்டியே சொல்லிவைத்ததால், அந்தப் பெண் அப்பாவின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். அப்பா பொத்தானைச் சில தடவைதான் அழுத்தினாராம். சத்தம் கேட்கிறது, வார்த்தை பிரியவில்லை என்று மலரிடம் அவள் விளக்கினாள். எதிராளி பேசுவதும் நிறுத்துவதும் தெரியும், என்ன பேசினார் என்பது தெரியாது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அப்பா மீசையைத் தடவக்கூட இல்லையாம்.

5

மிஷின் வந்தது. சுண்டுவிரல் நுனியளவு இருக்கிறது, இரண்டு காதுக்கும் இரண்டு. முதல் நாள் அப்பா மேலே பார்த்து, "இந்த ஃபேனு இம்புட்டு நாளா இப்பிடித்தான் கத்துச்சா?" என்று கேட்டாராம். தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்த்தாராம். காக்கைக்கு இன்னும் காக்கைக் குரல்தான் இருக்கிறது என்று மலரிடம் ஆச்சரியமாகச் சொன்னாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலரின் போனில், வீடியோவில் வந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கிறேன். கன்னம் ஒட்டியிருந்தது. வேண்டுமென்றே கடைசிக் கேள்வியை முதலில் கேட்டேன். "மழ எங்கய்யா, வெயிலுதான் கொளுத்துது" என்றார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. யாழினியைக் கூப்பிட்டேன். அவள் சந்தேகத்தோடு வந்து, நீச்சலை விட்டுவிட்டேன், இப்போது கூடைப்பந்து என்றாள். "எதுக்கும்மா விட்ட? தண்ணின்னா பயமா?" என்று கேட்டார் தாத்தா. யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். காது வந்ததும் அப்பாவுக்குப் பேச்சும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் கொடியேற்றுவது அப்பாதான். அவர் வயதில் பட்டாளத்துக்காரர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. முந்தின நாளே துணியை மடித்து, உள்ளே பூவை வைத்து, முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்துவிடுவார். போன தடவை கயிற்றை இழுக்கும்போது கை நடுங்கி முடிச்சு அவிழவே இல்லையாம். பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள்.

"எனக்கு இனிமே ஆகாதுய்யா. வர்ற ஆகஸ்டுக்கு நீ வா. நீ வந்து ஏத்து. எம்மவன் வாரான்னு தெருவுல சொல்லிட்டேன்" என்றார்.

நான் பார்க்கிறேன் அப்பா என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

6

ஒரு வாரம் யோசித்தேன். என் மனைவி, சொல்லாதே என்றாள். லீவு இல்லையென்று சொல்லிவிடு, போகிற காலத்தில் அந்த மனிதருக்கு எதற்கு இது என்றாள். அவள் சொல்லுவதும் சரிதான். போய்க் கொடியேற்றிவிட்டு வந்தால்தான் என்ன, கயிற்றை இழுப்பதற்கு யார் பாஸ்போர்ட் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவர் பக்கத்தில் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். அதை வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியாது. கேட்காத காதில் சொல்லி ஒருமுறை அவர் வாழ்த்தைத் திருடியாகிவிட்டது. இன்னொரு முறை கூடாது என்று நினைத்தேன்.

போன ஞாயிறு வீடியோவில் கூப்பிட்டேன். மலர்தான் எடுத்தாள். காலையில்தான் புது பேட்டரி போட்டேன் அண்ணே, நல்லாக் கேட்கும், பேசு என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு கேள்விகளையும் நான் கேட்கவில்லை.

"அப்பா, நான் கொடியேத்த முடியாதுப்பா. மூணு வருசத்துக்கு முன்னாடியே ஒங்ககிட்டச் சொன்னேன், அது ஒங்க காதுல விழல. நான் இந்த நாட்டுக் குடிமகனாயிட்டேன். நம்ம பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே அங்க வந்தாலும் விருந்தாளியாத்தான்ப்பா வரணும்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைத் தூக்கி, காதிலிருந்த மிஷினை விரலால் மெதுவாகத் தொட்டார்.

"பேட்டரி போயிருச்சு போலய்யா. ஒண்ணும் கேக்கல" என்றார்.

பின்னால் நின்ற மலர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நான் எதையும் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார். "சாப்பிட்டேன்யா. மாத்திரை போட்டேன்."

அப்போது வீட்டுக்குமேல் விமானம் வந்தது. போன் வழியாகவே அந்த இரைச்சல் எனக்குக் கேட்டது. அப்பா பேச்சை நிறுத்தினார். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். சத்தம் பெரிதாகி, தேய்ந்து, முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"முட்டி இருக்கு, பரவால்ல" என்றார். "மழ இல்ல."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நல்லதுய்யா, ஒடம்பப் பாத்துக்க" என்றார்.